மூன்று கடை, மூன்று விலை, அமர்ந்துபோன ஒரு வண்டி

கேள்வி: பண்ருட்டி பக்கம் காடாம்புலியூரில் எங்களுக்கு முந்திரியும் பலாவுமாக ஒரு தோப்பு இருக்கிறது. 2019 மாடல் இசுசு வி-கிராஸ் பிக்-அப் வைத்திருக்கிறேன். வாரத்தில் நாலு நாள் உரம், கன்று, முந்திரி மூட்டை என்று ஏற்றுவோம். மாதம் ஒருமுறை கல்வராயன் மலையில் அண்ணன் தோட்டத்துக்குப் போவேன். வெள்ளிமலை தாண்டிக் கடைசி சில கிலோமீட்டர் வெறும் கல்லும் மண்ணும்தான். ஃபெஞ்சல் புயலின்போது கடலூரில் தங்கை வீட்டு வாசலில் அச்சு முங்குகிற தண்ணீரில் ஒரு பகல் முழுக்க வண்டி நின்றது. இப்போது பின்பக்கம் அமர்ந்துவிட்டது. பள்ளத்தில் இறங்கினால் முன்னால் ‘தொம்’ என்று ஒரு சத்தம். புதுச்சேரியில் ஜீப்புகளைத் தூக்கிக் கட்டும் கடையில் ஸ்பிரிங், ஷாக் எல்லாம் சேர்ந்த முழு கிட் போட்டு 2 அங்குலம் தூக்க வேண்டும், 1,75,000 ரூபாய் என்கிறார்கள். கடலூரில் லாரிப் பட்டை (லீஃப் ஸ்பிரிங்) வேலை செய்கிறவர் ஒரு பட்டை சேர்த்தால் போதும், 9,000 என்கிறார். வெளியூர்க்காரர் ஒருவர் போனிலேயே 50,000 அட்வான்ஸ் போடச் சொல்கிறார். நேரில் போன இரண்டு இடத்திலும் கேள்வி கேட்டது நான், பதில் சொன்னது எங்கள் டிரைவரிடம். யாரை நம்பி வண்டியை விடுவது?

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

விலைகள் இவ்வளவு தள்ளித் தள்ளி நிற்பதால் யாரோ ஒருவர் ஏமாற்றுகிறார் என்று நினைத்துவிடாதீர்கள். ஒரே வண்டியை மூன்று பேர் மூன்று வேலையாகப் பார்த்திருக்கிறார்கள், அவ்வளவுதான். கடிதத்தில் எனக்கு உறுத்தியது வேறு. எவ்வளவு எடை ஏற்றுவீர்கள் என்று யாரும் கேட்டதாக நீங்கள் எழுதவில்லை. டேப்பை எடுத்து யாரும் அளந்ததாகவும் இல்லை. எவ்வளவு எடைக்கு வண்டி எவ்வளவு இறங்குகிறது என்பதுதான் சஸ்பென்ஷனின் முழுக் கணக்கும். அந்த இரண்டு எண்ணும் கையில் இல்லாமல் 9,000 சொன்னாலும் சரி, 1,75,000 சொன்னாலும் சரி, அது குத்துமதிப்புதான்.

அதனால் கடை தேடுவதற்கு முன்னால் அந்த எண்களை நீங்களே எடுத்துவிடுங்கள். முந்திரியும் பலாவும் புழங்குகிற ஊரில் எடைமேடைக்கா பஞ்சம்? வழக்கமாக ஏற்றுகிற சுமையோடு ஒரு நாள் போங்கள். முதலில் முன் சக்கரங்களை மட்டும் மேடையில் ஏற்றி ஒரு சீட்டு வாங்குங்கள். அப்புறம் முழு வண்டிக்கு ஒன்று, பின் சக்கரங்களுக்கு மட்டும் ஒன்று. சுமையை இறக்கிவிட்டு வெறும் வண்டியோடு மறுபடி இதே மூன்றும். மொத்தம் ஆறு சீட்டு. அப்படியே ஆர்.சி.யில் போட்டிருக்கும் மொத்த எடை வரம்பையும் பார்த்துக்கொள்ளுங்கள். அதைத் தாண்டி ஏற்றிக்கொண்டிருந்தால் எந்தப் பட்டையாலும் அதைச் சரிசெய்ய முடியாது. பட்டையைக் கூட்டினால் வண்டி நிமிர்ந்து நிற்கும், ஆனால் அச்சும் பிரேக்கும் பழையதுதானே?

அடுத்தது டேப். வீட்டு வாசலில் சிமென்ட் தரை சமமாக இருக்கும் இடத்தில் வண்டியை நிறுத்துங்கள். சக்கரத்தின் மையத்திலிருந்து நேர் மேலே மட்கார்டு விளிம்பு வரை நாலு பக்கமும் அளந்து எழுதுங்கள். தரையிலிருந்து அளந்தால் டயர் காற்று குறைந்திருந்தாலும் கணக்கு மாறிவிடும். மையத்திலிருந்து அளந்தால் அந்தக் குழப்பம் இல்லை. வெறும் வண்டியில் ஒருமுறை, சுமையோடு ஒருமுறை. இடதும் வலதும் நன்றாகவே வித்தியாசப்பட்டால் ஒரு பக்கத்துப் பட்டை உடைந்தோ விரிசல் விட்டோ இருக்கலாம்.

இந்தக் காகிதம்தான் கடைக்காரருக்கு நீங்கள் வைக்கிற முதல் சோதனை. நீட்டிப் பாருங்கள். வாங்கிப் படித்து, “சுமையோடு பின்னால் இவ்வளவு இறங்குதா?” என்று கேட்டுவிட்டு, தன் டேப்பை எடுத்து ஒருமுறை சரிபார்க்கிறவர் நமக்கு வேண்டியவர். அதை ஓரமாக வைத்துவிட்டு, சுவரில் ஒட்டியிருக்கும் ஜீப் படங்களைக் காட்டுகிறவர் வேண்டாம். டிரைவர் விஷயமும் இதிலேயே பாதி தீர்ந்துவிடும். எண்கள் உங்கள் கையில் இருந்தால் பேச்சு உங்களிடம்தான் வந்தாக வேண்டும். அப்போதும் டிரைவர் முகத்தையே பார்த்துப் பேசினால் அந்தக் கடையை விட்டுவிடுங்கள். வண்டிக்குச் சொந்தக்காரர் சொல்வதைக் கேட்காதவர், வண்டி சொல்வதை எங்கே கேட்கப் போகிறார்?

இனி உங்கள் வண்டிக்கு வருவோம். வி-கிராஸில் முன்னும் பின்னும் இரண்டு தனி உலகம். பின்னால் லாரி மாதிரி பட்டை. முன்னால் சக்கரத்தைத் தாங்கும் அப்பர் ஆர்ம், லோயர் ஆர்ம், நடுவில் காயில் ஸ்பிரிங்கும் ஷாக்கும். பின்னால் அமர்ந்ததும் முன்னால் வரும் சத்தமும் அநேகமாக இரண்டு தனித்தனி நோய். இரண்டையும் ஒரே கடையில்தான் பார்க்க வேண்டும் என்று எந்தக் கட்டாயமும் இல்லை. என்னைக் கேட்டால் பிரித்துக் கொடுப்பதுதான் நல்லது.

பட்டையைப் பொறுத்தவரை லாரி பட்டறைக்காரர்கள் கைதான் கை. தினமும் பத்து வண்டியைக் கழற்றிப் பூட்டுகிறவர்கள். நல்லவரைக் கண்டுபிடிக்க கூகுள் மேப் நட்சத்திரம் பார்க்காதீர்கள். கடலூர் சிப்காட் பக்கமோ, புதுச்சேரி மேட்டுப்பாளையம் லாரி முனையத்திலோ போய் டிப்பர், டேங்கர் ஓட்டுகிறவர்கள் நாலு பேரிடம் “பட்டை எங்கே கட்டுறீங்க?” என்று கேளுங்கள். ஒரே பெயர் இரண்டு முறை வந்தால் அங்கே போகலாம். பட்டை உடைந்து நடுரோட்டில் நின்றால் அன்றைய வாடகை போச்சு என்பது அவர்களுக்குத் தெரியும். விளம்பரத்துக்காகப் பேச மாட்டார்கள்.

ஆனால் அங்கேயும் ஒன்றைக் கவனிக்க வேண்டும். நான் தொழில் கற்றுக்கொண்டிருந்த காலத்தில், கரும்பு லாரி ஒன்றுக்குப் பட்டை அமர்ந்துவிட்டது. முதலாளி வெளியே போயிருந்தார். சீக்கிரம் முடித்துப் பெயர் வாங்க வேண்டும் என்று கேஸ் வெல்டிங் நெருப்பைக் காட்டிப் பட்டையைச் சிவக்க வைத்து, வளைத்து, கேம்பர் (பட்டையின் வில் வளைவு) எடுத்துக் கொடுத்துவிட்டேன். பார்க்க அழகாக வில் மாதிரி இருந்தது. நாலு மாதத்தில், நெல்லிக்குப்பம் ஆலைக்குப் போகிற வழியில், நான் சூடு காட்டிய அதே இடத்தில் மெயின் பட்டை இரண்டாகப் போனது. நல்ல வேளை, வண்டி மெதுவாகப் போய்க்கொண்டிருந்தது. உடைந்த துண்டை முதலாளி என் கையில் கொடுத்தார். உடைந்த முகம் சர்க்கரைத் துகள் மாதிரி மினுமினுவென்று இருந்தது. ஸ்பிரிங் இரும்பை உலையில் சீராகச் சூடாக்கி, எண்ணெயில் குளிர வைத்து, மறுபடி இளஞ்சூட்டில் பதம் ஏற்றியிருப்பார்கள். ஒரு இடத்தில் மட்டும் நெருப்பைக் காட்டினால் அந்த இடத்தில் பதம் போய்விடும். ஆகவே கேஸ் நெருப்பில் கேம்பர் எடுக்கிற இடமாக இருந்தால் வேண்டாம். சூடு காட்டாமல் சம்மட்டியால் அடித்து எடுப்பது பரவாயில்லை; கொஞ்ச நாளில் கொஞ்சம் அமரும், ஆனால் இப்படிப் பதம் போகாது. உங்களைப் போல வாரம் நாலு நாள் சுமை ஏற்றுகிறவர்களுக்குப் புதுப் பட்டை செட்டே மேல்.

‘ஒரு பட்டை சேர்த்தால் போதும்’ என்பது தப்பான யோசனை இல்லை. சுமையோடு எடுத்த அளவு அதைச் சொல்லிவிடும். சுமையில் பின்பக்கம் முன்பக்கத்தைவிட நன்றாகத் தாழ்ந்து, பட்டை நேர்க்கோடாகப் படுத்துவிடுகிறது, வெறும் வண்டியில் ஓரளவு வில்லாகவே இருக்கிறது என்றால், ஒரு பட்டை சேர்ப்பது நியாயமான வேலை. வெறும் வண்டியிலேயே படுத்துக் கிடந்தால் பழைய பட்டை உயிரை விட்டுவிட்டது. செத்த பட்டைக்கு மேல் புதுப் பட்டை ஒன்றைக் கட்டினால் மொத்தச் சுமையையும் அந்த ஒன்றே தாங்கி உடையும். எதைச் செய்தாலும் பட்டையை அச்சோடு சேர்த்துக் கட்டும் யு-போல்ட்டுகள் புதிதாக வேண்டும். ஒருமுறை முறுக்கி இழுபட்ட பழைய யு-போல்ட்டை மறுபடி மாட்டுகிறவர் சொற்பக் காசை மிச்சப்படுத்தி உங்கள் அச்சைப் பணயம் வைக்கிறார். கடலோர உப்புக்காற்றும் வெள்ளத் தண்ணீரும் பட்ட வண்டி என்றால் கேட்கவே வேண்டாம். புது யு-போல்ட் போட்டு 500 கிலோமீட்டர் ஓடியதும் திரும்பப் போய் மறுபடி முறுக்கி வாங்க வேண்டும். அட்வான்ஸ் கேட்ட வெளியூர்க்காரரை நான் இந்த ஒரு காரணத்துக்காகவே தள்ளிவிடுவேன். 500 கிலோமீட்டரில் ஒருமுறை, 1,000 கிலோமீட்டரில் ஒருமுறை எட்டிப் பார்க்க முடியாத தூரத்தில் இந்த வேலையைக் கொடுக்கக் கூடாது.

முன்பக்கம் அப்படி இல்லை. பட்டறையில் லாரியோடு வாழ்கிறவருக்கு இந்த வகை முன்சக்கரம் அவ்வளவு பழக்கமாக இருக்காது. அந்த ‘தொம்’ சத்தம் ஸ்டெபிலைசர் லிங்க்காக இருக்கலாம், லோயர் ஆர்ம் புஷ்ஷாக (மூட்டில் இருக்கும் ரப்பர் உருளை) இருக்கலாம், பால் ஜாயின்ட்டாக இருக்கலாம், ஷாக் தலையில் உள்ள ரப்பராக இருக்கலாம். சில ஆயிரங்களில் முடிகிற விஷயமாகவே இருக்க வாய்ப்பு அதிகம். நல்ல மெக்கானிக் சக்கரத்தைத் தூக்கி, மேலும் கீழுமாகப் பிடித்து ஆட்டிப் பார்ப்பார். பிறகு இடதும் வலதுமாகப் பிடித்து ஆட்டுவார். ஒரு லிவரை ஆர்முக்கும் சேஸிஸுக்கும் நடுவில் விட்டு நெம்பி, புஷ் எவ்வளவு கொடுக்கிறது என்று உங்களுக்கே காட்டுவார். டயரின் மேல் உள்ளங்கையை மெதுவாக ஓட்டிப் பார்ப்பார். அலை அலையாகத் தட்டுப்பட்டால் ஷாக் பிடிப்பு விட்டுப்போயிருக்கும். ஒரு பக்கம் தடவினால் வழுவழு, திருப்பித் தடவினால் ரம்பப் பல் மாதிரி என்றால் சக்கரங்கள் நிற்கிற கோணம், அதாவது அலைன்மென்ட், கெட்டிருக்கிறது. இந்தப் பத்து நிமிடம் செலவழிக்காமல் கிட் விலை சொன்னவர் கிட்தான் விற்கிறார்.

முன்பக்கத்தைப் பார்க்கிற மெக்கானிக்கிடம் ஒரு கேள்வி கேளுங்கள். மிகச் சாதாரணமாக, தெரியாதவர் போலக் கேளுங்கள்: “புஷ் மாட்டினா போல்ட்டை எப்போ கடைசியா முறுக்குவீங்க?” வண்டியை இறக்கி, நாலு சக்கரமும் தரையில் நின்று, வண்டியின் எடை இறங்கிய பிறகுதான் என்று சொன்னால் அவருக்கு வேலை தெரியும். கம்பெனி புஷ்ஷில் ரப்பர் இரும்போடு ஒட்டியிருக்கும். சக்கரம் அந்தரத்தில் தொங்கும்போதே முறுக்கிவிட்டால், வண்டி இறங்கியதும் ரப்பர் முறுக்கிக்கொண்டே நிற்கும், சீக்கிரம் கிழியும். ஆறு மாதத்தில் அதே சத்தம் திரும்ப வரும், நீங்கள் பாகத்தைக் குறை சொல்வீர்கள். எத்தனையோ நல்ல கடைகளிலும் இந்தத் தப்பு நடக்கிறது, அவசரத்தில்.

கண்ணாலும் கொஞ்சம் பாருங்கள். ஜாக்கியில் மட்டும் நிற்கிற வண்டிக்கு அடியில் பையனை அனுப்புகிறார்களா, ஸ்டாண்டு வைத்திருக்கிறார்களா? காயில் ஸ்பிரிங்கை அமுக்க முறையான கம்ப்ரெஸர் இருக்கிறதா, இல்லை கயிறும் கம்பியும் கட்டிச் சமாளிக்கிறார்களா? கயிற்றைப் பார்த்தால் அங்கேயே திரும்பிவிடுங்கள். அமுங்கிய ஸ்பிரிங் தெறித்தால் ஆளையே அடித்துப் போட்டுவிடும். போல்ட்டை அளவாக முறுக்கும் டார்க் ரெஞ்ச் மேல் தூசி படிந்திருந்தால் அது அலங்காரத்துக்கு. இதையெல்லாம் மாலை ஐந்து மணிக்கு மேல் போய்ப் பாருங்கள். காலையில் எல்லாக் கடையும் சுத்தமாகத்தான் இருக்கும்.

சரி, 2 அங்குலம் தூக்க வேண்டுமா? மாதம் ஒருமுறை வெள்ளிமலைக் கல்பாதைக்கு, அதுவும் வழி தெரிந்த அண்ணன் வீட்டுக்கு, என் கணக்கில் தேவையில்லை. கம்பெனி உயரத்துக்குத் திரும்பக் கொண்டுவந்து, நல்ல ஷாக்கும் நல்ல டயரும் போட்டாலே போதும். தூக்கியே தீர வேண்டும் என்றால் தூக்குகிறவருக்கு அதன் பின்விளைவுகள் தெரிந்திருக்க வேண்டும். முன்பக்கம் உயர்ந்தால் சக்கரத்தின் சாய்வு மாறும். அலைன்மென்ட் மெஷினில் வேலைக்கு முன் ஒன்று, பின் ஒன்று என்று இரண்டு பிரின்ட் கேளுங்கள். எண்கள் வரம்புக்குள் வரவில்லை என்றால் வேறு அப்பர் ஆர்ம் போட வேண்டி வரலாம், அந்தச் செலவை முதலிலேயே சொன்னாரா என்று பாருங்கள். முன் ஆக்சில் மூட்டுகள் கூடுதல் கோணத்தில் சுற்றும், அதன் ரப்பர் உறை சீக்கிரம் கிழியலாம். சக்கரம் முழுதாகத் தொங்கும்போது பிரேக் ஹோஸும் ஏ.பி.எஸ். ஒயரும் இழுபடக் கூடாது. ஸ்டீயரிங்கை இரண்டு பக்கமும் முழுக்கத் திருப்பி வைத்து அதைப் பார்க்க வேண்டும். ஹெட்லைட் எதிரே வருகிறவர் கண்ணில் அடிக்கும், அதை இறக்கி வைக்க வேண்டும்.

பலர் மறக்கிறது ஒன்று உண்டு. சில பிக்-அப் வண்டிகளில் பின் அச்சுக்கும் சேஸிஸுக்கும் நடுவில் ஒரு சின்னக் கம்பி இருக்கும். பின்னால் எவ்வளவு சுமை இருக்கிறது என்பதை உயரத்தை வைத்து உணர்ந்து, பின் பிரேக்குக்கு எவ்வளவு அழுத்தம் போக வேண்டும் என்று அதுதான் முடிவு செய்யும். பின்பக்கத்தைத் தூக்கிவிட்டு அந்தக் கம்பியைச் சரிசெய்யாமல் விட்டால், வண்டி எப்போதும் காலி என்று அது நினைத்துக்கொள்ளும். முழுச் சுமையோடு மலை இறங்கும்போது பின் பிரேக் பாதிதான் பிடிக்கும். உங்கள் வண்டியில் அது இருக்கிறதா, இருந்தால் என்ன செய்வீர்கள் என்று கடைக்காரரைக் கேளுங்கள். குனிந்து பார்த்துவிட்டுப் பதில் சொல்கிறவர் நல்லவர்.

சட்டமும் உண்டு. மோட்டார் வாகனச் சட்டம் 1988, பிரிவு 52: ஆர்.சி.யில் உள்ள விவரத்துக்கு முரணாக, தயாரிப்பாளர் கொடுத்ததிலிருந்து வண்டியை மாற்றக் கூடாது. 2019-இல் உச்ச நீதிமன்றமும் அதையே உறுதி செய்தது. அதே வருடத் திருத்தத்தில், அனுமதியில்லாத மாற்றம் ஒவ்வொன்றுக்கும் 5,000 ரூபாய் அபராதம், அல்லது ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும் என்று 182ஏ பிரிவு வந்தது. ‘எல்லாரும் போடுறாங்க சார், ஒண்ணும் ஆகாது’ என்பது சட்டம் தெரிந்தவர் பேச்சு இல்லை. செய்வதற்கு முன் ஆர்.டி.ஓ. அலுவலகத்திலும் இன்சூரன்ஸ் கம்பெனியிலும் எழுத்தில் கேட்டுவிடுங்கள். நாளைக்கு ஏதாவது ஆகி கிளைம் போட்டால், சர்வேயர் முதலில் பார்ப்பது இதைத்தான். கம்பெனி அளவிலேயே பழுது பார்த்தால் இந்தத் தலைவலி எதுவும் இல்லை.

புதுச்சேரியில் பாகம் மலிவு என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். டீசல் அங்கே குறைவு, அது வேறு விஷயம். ஷாக்குக்கும் பட்டைக்கும் 2017 முதல் ஜி.எஸ்.டி.தான், எல்லைக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஒரே வரி. விலை குறைகிறது என்றால் ஒன்று கூலி குறைவு, இல்லை பில் இல்லை, இல்லை பெட்டி மட்டும் அசல். பில்லில் பாக எண் இருக்க வேண்டும். கழற்றிய பழைய பாகம் உங்கள் வண்டியிலேயே திரும்பி வர வேண்டும். அட்வான்ஸ் என்றால் பாகத்துக்கு மட்டும், பில்லைக் காட்டிய பிறகு. கூலி வேலை முடிந்து, மெக்கானிக்கைப் பக்கத்தில் உட்கார வைத்து நீங்களே ஓட்டிப் பார்த்த பிறகு. கேப்பர் மலை மேடு இதற்கு நல்ல இடம், ஏற்றம் இறக்கம் இரண்டும் கிடைக்கும்.

உங்கள் இடத்தில் நான் இருந்தால் செய்வது இது. முதலில் முன் சத்தத்தை மட்டும் கம்பெனி சர்வீஸ் சென்டரிலோ, புதுச்சேரியில் அலைன்மென்ட் மெஷின் வைத்திருக்கும் ஒரு கடையிலோ காட்டுவேன். சின்ன வேலை. அவர் எப்படித் தொடுகிறார், என்ன சொல்கிறார், சொன்ன நாளில் கொடுக்கிறாரா என்று அதிலேயே தெரிந்துவிடும். பின்பக்கத்தை அந்தக் கடலூர் பட்டைக்காரரிடமே கொண்டுபோவேன், ஆனால் எடைச் சீட்டோடும் அளவுகளோடும். அதைப் பார்த்துவிட்டு அவர் 9,000-ஐ மாற்றி, “செட்டே போட்டுடலாம்மா” என்று கூடுதலாகச் சொன்னாலும் எனக்கு அவர்மேல் நம்பிக்கை கூடும். கிட் கடைக்காரரையும் முழுக்க ஒதுக்க வேண்டாம். நல்ல கிட் கம்பெனிகள் ஒரே வண்டிக்கே பின் பட்டையைச் சுமைக்குத் தகுந்தபடி இரண்டு மூன்று விதமாகச் செய்கின்றன. எந்தச் சுமைக்கானது என்று கேட்காமல் கனமான செட்டைப் போட்டுவிட்டால், காலியாகப் போகிற மீதி மூன்று நாளும் மாட்டுவண்டியில் போன மாதிரி இருக்கும். அவர் அதைக் கேட்டாரா என்பதே அவருக்கான தேர்வு.

கடைசியாக, வெள்ளத்தில் நின்ற வண்டி என்று போகிற போக்கில் எழுதியிருக்கிறீர்கள். பட்டையைவிட எனக்கு அதுதான் பயம். பின் அச்சு ஆயிலை வடித்துப் பார்க்கச் சொல்லுங்கள். தேன் நிறத்தில் வந்தால் நிம்மதி. பால் காபி நிறத்தில் வந்தால் உள்ளே தண்ணீர் போயிருக்கிறது. உடனே மாற்ற வேண்டும், மேலே உள்ள மூச்சுக்குழாய் அடைத்திருக்கிறதா என்றும் பார்க்க வேண்டும். இதை இந்த வாரமே செய்துவிடுங்கள். எடைச் சீட்டும் நாலு சக்கர அளவும் எடுத்ததும் எனக்கும் ஒரு நகல் அனுப்புங்கள். பின்னால் ஒரு பட்டை போதுமா, செட் வேண்டுமா என்று அதை வைத்து என்னாலும் சொல்ல முடியும்.